நான்கு அம்புகள்

திருத்தணி மலைக்கோயிலுக்கு ஏறும் படிகள் 365. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பது பக்தர்கள் கணக்கு. டிசம்பர் 31ஆம் தேதி இரவு படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் இட்டு, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடியபடி ஏறுகிற கூட்டம் உண்டு. ஆடிக் கிருத்திகைக்கு வருகிற காவடிகளுக்குக் கணக்கே கிடையாது. ஊரின் வடக்கே சில கிலோமீட்டரில் ஆந்திர எல்லை. 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதனால் படியேறும் பேச்சில் தமிழும் தெலுங்கும் கலந்தே இருக்கும்.

இத்தனை பேரின் எடையையும் படிக்கற்கள் தாங்குகின்றன. எடை கீழ்நோக்கி அழுத்துகிறது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் கல்லின் மேல் இன்னொரு விசையும் விழுகிறது. காலை ஊன்றி உடலை முன்னே உந்தும் கணத்தில், பாதம் கல்லைப் பின்பக்கமாகத் தள்ளுகிறது. கல்லின் முகத்தை ஒட்டியே, கிடையாகப் போகிற தள்ளல் இது. ஈரப் படியில் கால் வழுக்கும்போதுதான் இப்படி ஒன்று இருந்தது நமக்கு உறைக்கிறது. எடை அப்படியே இருக்கிறது, அந்தக் கிடைத்தள்ளலை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் போய்விடுகிறது.

ஒரு பரப்புக்குச் செங்குத்தாக அழுத்தினாலோ இழுத்தாலோ அது நேர்த்தகைவு. பரப்பை ஒட்டி, அதன் வழியே தள்ளினால் அது சறுக்குத் தகைவு. கட்டடப் பொறியாளர்கள் ‘ஷியர்’ என்பார்கள். இதன் அளவைக் கண்டுபிடிப்பது எளிது, விசையைப் பரப்பளவால் வகுத்தால் போதும். பாதம் 10 கிலோ எடைக்குச் சமமான விசையோடு கிடையாகத் தள்ளுகிறது, கல்லைத் தொடும் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 கிராம்தான் வருகிறது. கருங்கல்லுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

மாணவர்களைத் தடுமாற வைப்பது இதன் திசை. சறுக்குத் தகைவு எந்தப் பக்கம் போகிறது? இந்தக் கேள்விக்கு ஒரே அம்பை வரைந்து பதில் சொல்ல முடியாது. திசையைப் பிடித்துவிட்டால், சுவரில் விரிசல் ஏன் சாய்ந்து ஓடுகிறது, மழைக்குப் பிறகு மலை ஏன் சரிகிறது, பூமியின் வயிற்றில் திரவம் இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதெல்லாம் ஒரே கயிற்றில் கட்டுண்டு வரும்.

எந்த முகம், எந்தத் துண்டு?

படிக்கல்லைக் கிடையாக ஒரு வெட்டு வெட்டியதாகக் கற்பனை செய்வோம். மேலே ஒரு பலகை, கீழே ஒரு பலகை. பாதம் மேல் பலகையைப் பின்னே தள்ளுகிறது. அது நகரவில்லை, ஏனென்றால் கீழ்ப் பலகை அதை முன்பக்கமாகப் பிடித்து நிறுத்துகிறது. பதிலுக்கு மேல் பலகை கீழ்ப் பலகையைப் பின்னே தள்ளுகிறது. வெட்டு ஒன்றுதான், அம்புகள் இரண்டு, திசைகள் நேர் எதிர். இரண்டுமே சரி. மேல் துண்டைப் பார்க்கிறவருக்கு அம்பு முன்னே போகிறது, கீழ்த் துண்டைப் பார்க்கிறவருக்குப் பின்னே போகிறது.

ஆகவே திசையைச் சொல்லும் முன் இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். எந்தத் துண்டைப் பற்றிப் பேசுகிறோம்? அந்தத் துண்டின் எந்த முகத்தைப் பார்க்கிறோம்? விசைக்கு ஒரு திசை போதும். தகைவுக்கு இரண்டு வேண்டும், ஒன்று விசை போகும் பக்கம், இன்னொன்று முகம் பார்க்கும் பக்கம். பாடநூல்களில் தகைவின் அடியில் இரண்டு சிறு எழுத்துகள் ஒட்டிக்கொண்டு வருவது இதனால்தான். முதல் எழுத்து முகத்தைச் சொல்கிறது, இரண்டாவது எழுத்து விசையைச் சொல்கிறது.

இந்தத் திசையைக் கண்ணால் பார்க்கச் சாலைக்குப் போகலாம். கோடையில் தமிழ்நாட்டின் வெப்பநிலைப் பட்டியலில் திருத்தணியின் பெயர் அடிக்கடி மேலே வரும். 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே புதிதில்லை. அப்படிப்பட்ட வெயிலில் தார் இளகும். பேருந்து நிறுத்தத்தில் பேருந்துகள் நாள்தோறும் பிரேக் போடும்போது சக்கரங்கள் சாலையை முன்பக்கமாகத் தள்ளுகின்றன. இளகிய தார் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்ந்து, அலை அலையாக மேடு தட்டி நிற்கும். குறுக்கே வெள்ளைக் கோடு போட்டிருந்தால், சக்கரம் படும் இடங்களில் அது வண்டி போகும் பக்கமாக வளைந்திருக்கும். வண்டி கிளம்பி வேகமெடுக்கும் இடத்தில் தள்ளல் தலைகீழ். அங்கே ஓட்டும் சக்கரம் சாலையைப் பின்னே தள்ளுகிறது. நடக்கிறவரின் பாதமும் இப்படித்தான். ஊன்றும் கணத்தில் தரையை முன்னே தள்ளும், உந்தும் கணத்தில் பின்னே தள்ளும். ஒரே காலடிக்குள் சறுக்குத் தகைவின் அம்பு திரும்பிவிடுகிறது.

சுழலாத கட்டி

கல்லுக்குள்ளிருந்து ஒரு சிறு சதுரக் கட்டியை மட்டும் மனத்தில் தனியே எடுப்போம். அதன் மேல்முகத்தில் வலப்பக்கமாக ஓர் அம்பு. கீழ்முகத்தில் இடப்பக்கமாக ஓர் அம்பு. இரண்டும் சமம் என்பதால் கட்டி பக்கவாட்டில் நகராது. ஆனால் இவை இரண்டும் சேர்ந்து கட்டியைக் கடிகார முள் போகும் பக்கமாகச் சுழற்றப் பார்க்கும். இவ்வளவுதான் விசைகள் என்றால் படிக்கல்லுக்குள் ஒவ்வொரு கட்டியும் பம்பரமாகச் சுழல வேண்டும். கல் அமைதியாக இருக்கிறதே, எப்படி?

பக்க முகங்களிலும் அம்புகள் இருந்தாக வேண்டும். வலப்பக்க முகத்தில் மேல்நோக்கி ஒன்று, இடப்பக்க முகத்தில் கீழ்நோக்கி ஒன்று. இவை கட்டியை எதிர்ப்பக்கம் சுழற்றப் பார்க்கும். இரண்டு சுழற்சிகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள வேண்டுமானால் நான்கு அம்புகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இதில் பேரத்துக்கு இடமில்லை. பொருள் கருங்கல்லானாலும் இரும்பானாலும் ரப்பரானாலும் விதி ஒன்றே. கிடைமுகத்தில் சறுக்குத் தகைவு இருந்தால், அதே இடத்தில் செங்குத்து முகத்திலும் அதே அளவு சறுக்குத் தகைவு இருக்கும். நாம் கிடையாக மட்டும் தள்ளினோம், நிமிர்ந்து நிற்கும் தள்ளலைப் பொருள் தானே உண்டாக்கிக்கொண்டது.

இந்த நான்கு அம்புகளின் அமைப்பிலும் ஓர் ஒழுங்கு உண்டு. மேல்முகத்து அம்பும் வலமுகத்து அம்பும் வலது மேல் மூலையில் முனையோடு முனை சந்திக்கும். மற்ற இரண்டும் இடது கீழ் மூலையில் சந்திக்கும். எஞ்சிய இரண்டு மூலைகளில் வால்கள் சந்திக்கும். ஒரு முகத்து அம்பு தெரிந்தால் போதும், மற்ற மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடலாம்.

பொருளுக்குள் தகைவை முகத்தோடு சேர்த்துப் பார்க்கும் இந்த முறையை 1822இல் பாரிஸ் அறிவியல் அகாதமியில் முன்வைத்தவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் அகஸ்டின் லூயி கோஷி. அதுவரை பாலமும் கூரையும் கட்டியவர்கள் பொருளின் வெளியே விழும் விசையையே அதிகம் கணக்கிட்டார்கள். பொருளுக்குள் ஒரு புள்ளியில் நின்று, அங்கே எத்தனை முகங்களை வெட்டினாலும் ஒவ்வொன்றிலும் என்ன நடக்கும் என்று சொல்ல கோஷியின் முறை வழி காட்டியது. முகத்தின் சாய்வு மாற மாற நேர்த்தகைவும் சறுக்குத் தகைவும் எப்படி மாறுகின்றன என்பதை 1882இல் ஜெர்மன் பொறியாளர் ஓட்டோ மோர் ஒரே வட்டத்தில் அடக்கினார். இன்றும் பொறியியல் மாணவர்கள் அந்த வட்டத்தை வரைந்துதான் தேர்வு எழுதுகிறார்கள்.

சாக்பீஸ் சொல்வது

சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் பிறந்தவர். அவர் குடியரசுத் தலைவரான 1962 முதல் அந்த நாளை நாடு ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறது. ஆசிரியரின் கையில் இருக்கும் சாக்பீஸ், சறுக்குத் தகைவின் திசையைக் காட்ட மிகச் சிறந்த கருவி.

புதிய, முழு சாக்பீஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரு முனைகளையும் இரு கைகளின் விரல்களால் பிடியுங்கள். வளைக்கக் கூடாது, ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்க மட்டும் வேண்டும். சட்டென்று உடையும். உடைந்த முகத்தைப் பாருங்கள். வளைத்து உடைத்தால் முகம் ஏறத்தாழத் தட்டையாக, குறுக்கே இருந்திருக்கும். முறுக்கி உடைத்ததில் அப்படி இல்லை. திருகாணியின் புரிபோல ஒரு சாய்ந்த சுருள் பரப்பு தெரியும். சாக்பீஸின் நீளத்தோடு அது ஏறத்தாழ 45 டிகிரி சாய்ந்திருக்கும். இன்னொரு சாக்பீஸை எதிர்ப்பக்கமாக முறுக்கினால் சுருள் எதிர்ப்பக்கம் ஓடும். உடைந்த துண்டைப் பார்த்தே எந்தக் கை எந்தப் பக்கம் முறுக்கியது என்று சொல்லிவிடலாம்.

முறுக்கும்போது குறுக்கு முகத்தில் சறுக்குத் தகைவு விழுகிறது. அப்படியானால் குறுக்கேதானே அறுந்திருக்க வேண்டும்? விடை அந்த நான்கு அம்புகளில் இருக்கிறது. முனைகள் சந்திக்கும் இரண்டு மூலைகளும் கட்டியிலிருந்து வெளிப்பக்கமாக இழுபடுகின்றன. வால்கள் சந்திக்கும் இரண்டு மூலைகளும் உள்பக்கமாக நசுங்குகின்றன. சதுரம் சாய்சதுரம் ஆகிறது. ஒரு மூலைவிட்டம் நீள்கிறது, மற்றது குறுகுகிறது. நேராகப் பார்த்தால் சறுக்கு, 45 டிகிரி திரும்பிப் பார்த்தால் ஒரு பக்கம் இழுவை, அதற்குச் செங்குத்தாக அமுக்கம். தகைவு நிலை ஒன்றுதான், பார்க்கும் முகம்தான் வேறு. சாக்பீஸ் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. எனவே எந்த முகத்தில் இழுவை மிகுதியோ அந்த முகத்திலேயே பிளக்கிறது. அந்த முகம் 45 டிகிரியில் இருக்கிறது.

இப்போது சாக்பீஸை வைத்துவிட்டு, காய்ந்த மூங்கில் குச்சியை முறுக்கிப் பாருங்கள். குறுக்கே அறாது, சுருளாகவும் உடையாது. நெடுக, நாரின் வழியே பிளக்கும். குறுக்கு முகத்தில் நாம் கொடுத்த சறுக்குத் தகைவு, நெடுக்கு முகத்திலும் தன் இணையை உண்டாக்கிவிட்டது. நாருக்கும் நாருக்கும் இடையே பிடிப்பு குறைவு என்பதால் மூங்கில் அந்த வழியே விட்டுக்கொடுக்கிறது. பரிசோதனைக் கூடத்தில் சாதாரண மென் இரும்புக் கம்பியை எந்திரத்தில் பொருத்தி முறுக்கினால், பல சுற்றுகள் முறுக்கிக்கொண்டே போய் கடைசியில் தட்டையாகக் குறுக்கே அறும். இரும்புக்கு இழுவையைவிடச் சறுக்கில்தான் பலம் குறைவு.

மூன்று பொருள்களுக்கும் கிடைத்தது ஒரே வகைத் தகைவு. ஒன்று சாய்வாகவும், ஒன்று நெடுகவும், ஒன்று குறுக்கேயும் உடைந்தது. தகைவு எல்லாத் திசைகளிலும் ஒரே சமயத்தில் சோதிக்கிறது. தன் பலவீனம் எந்தத் திசையில் என்பதைப் பொருள் உடைந்து காட்டுகிறது.

ரிங் ஏன் நெருங்குகிறது?

வீடு கட்டும் இடத்தில் கம்பி கட்டுகிறவர் வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பீமின் நீளக் கம்பிகளைச் சுற்றிச் சதுர வளையங்களை மாட்டிக் கட்டுகம்பியால் முறுக்குவார். அவற்றை ரிங் என்பார்கள். பீமின் நடுவில் உதாரணமாக 6 அங்குலத்துக்கு ஒன்று என்று கட்டிக்கொண்டு வருகிறவர், பில்லரை நெருங்கும்போது இடைவெளியை 4 அங்குலமாகக் குறைப்பார். வளைவு மிகுதியாக இருப்பது நடுவில், ரிங்குகள் நெருங்குவதோ ஓரத்தில். இதற்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது.

1840களில் ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து மாஸ்கோவுக்கு ரயில் பாதை போட்டார்கள். அந்தப் பாதையின் பெரிய மரப்பாலங்களில் டிமித்ரி ஜுராவ்ஸ்கி என்ற இளம் பொறியாளர் வேலை பார்த்தார். மர உத்திரங்கள் வளைந்து முறிவதற்கு முன்பே, நெடுக, உயரத்தின் நடுப்பகுதியில் பிளக்கக்கூடும் என்பதைக் கண்டார். பாரம் மேலிருந்து கீழே, பிளவோ கிடையாக! செங்குத்துச் சறுக்கு, கிடைச் சறுக்கைத் தன்னோடு கூட்டி வந்திருந்தது. மரமோ நாரின் வழியே பலவீனமானது. உத்திரத்தின் உயரத்தில் எந்த மட்டத்தில் எவ்வளவு சறுக்கு என்று கணக்கிடும் வழியை அவர் வகுத்தார். 1855இல் ரஷ்ய அறிவியல் அகாதமியின் டெமிடோவ் பரிசு அவருக்குக் கிடைத்தது. இங்கே ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது அதற்கு அடுத்த ஆண்டில், 1856 ஜூலை 1 அன்று.

அவர் கணக்கு சொன்ன ஒரு விஷயம் முதலில் வியப்பாக இருக்கும். செவ்வகக் குறுக்குவெட்டுள்ள உத்திரத்தின் உச்சியிலும் அடியிலும் சறுக்குத் தகைவு பூஜ்யம். நடு மட்டத்தில் அது சராசரியைப் போல ஒன்றரை மடங்கு. உச்சியில் ஏன் பூஜ்யம்? நான்கு அம்புகளை நினைத்துக்கொண்டால் உடனே விளங்கும். உத்திரத்தின் மேல்முகத்தை யாரும் கிடையாகத் தேய்த்துத் தள்ளவில்லை, அங்கே கிடை அம்பு இல்லை. கிடை அம்பு இல்லாத இடத்தில் அதன் செங்குத்து இணையும் இருக்க முடியாது.

கான்கிரீட்டுக்கு நார் இல்லை, அதனால் அது மரம்போல நெடுகப் பிளப்பதில்லை. சாக்பீஸ் போல இழுவையில்தான் அது பலவீனம். எனவே சறுக்கு மிகுந்த இடத்தில், அதாவது பில்லருக்கு அருகே, சாய்வாகப் பிளக்கும். விரிசல் பில்லருக்குப் பக்கத்தில் பீமின் அடியில் தொடங்கி, நடுப்பகுதியை நோக்கிச் சாய்ந்து மேலேறும். இடது முனையில் வலப்பக்கமாகச் சாயும், வலது முனையில் இடப்பக்கமாகச் சாயும். நடுவைத் தாண்டும்போது சறுக்கின் அம்பு திரும்பிவிடுவதை அந்த இரண்டு சாய்வுகளும் காட்டுகின்றன. ரிங்குகளின் செங்குத்துக் கால்கள் இந்தச் சாய்ந்த விரிசலின் குறுக்கே போய்த் தைத்துப் பிடிக்கின்றன. வளைவினால் வரும் விரிசல் மெல்லத் திறந்து எச்சரிக்கை தரும். சறுக்கினால் வரும் உடைவோ சொல்லாமல் கொள்ளாமல் வரக்கூடியது. ரிங்கில் சிக்கனம் பிடிக்க வேண்டாம் என்று பொறியாளர்கள் மன்றாடுவது இதனால்தான்.

நிலநடுக்கத்தில் சுவர்கள் உடையும் விதத்திலும் இந்தத் திசைதான். தரை ஒரு பக்கம் இழுக்கும்போது சுவரில் ஒரு சாய்ந்த விரிசல். மறுகணம் தரை எதிர்ப்பக்கம் இழுக்கும்போது அம்பு திரும்பி, எதிர்ச்சாய்வில் இன்னொரு விரிசல். இரண்டும் குறுக்கிட்டுப் பெருக்கல் குறியாக நிற்கும். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் புஜ் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு, ஜன்னல்களுக்கு இடைப்பட்ட சுவர்த்துண்டுகளில் இந்தக் குறிகளைப் பார்க்க முடிந்தது. தரை ஒரே பக்கமாகத் தள்ளிவிட்டு நின்றிருந்தால் ஒரு சாய்கோடுதான் விழுந்திருக்கும்.

மலை நிற்கும் கோணம்

இனி மலைக்கு வருவோம். 30 டிகிரிச் சரிவில் ஒரு பாறைத்துண்டு உட்கார்ந்திருக்கிறது. அதன் எடையில் சரியாகப் பாதி சரிவின் வழியே கீழே இழுக்கிறது. சரிவுக்குச் செங்குத்தாக அழுத்துவது சுமார் 87 சதவீதம். பாதி எடை கீழே இழுத்தும் பாறை நிற்பது, அடிமுகத்தில் மேல்நோக்கிப் பிடிக்கும் உராய்வினால். எடை என்ற ஒரே செங்குத்து விசை, சாய்ந்த முகத்தைச் சந்தித்ததும் அழுத்தமாகவும் சறுக்காகவும் பிரிந்துவிடுகிறது. முகம்தான் விசையைப் பங்கு போடுகிறது.

இதை முதலில் தெளிவாகக் கணக்கிட்டவர் சார்ல் கூலும். மின்னேற்ற விதியால் நாம் அறிந்த அதே கூலும். இளமையில் ராணுவப் பொறியாளராக மார்ட்டினீக் தீவில் கோட்டை கட்டிய அனுபவத்தோடு, 1773இல் பாரிஸ் அகாதமியில் ஒரு நீண்ட கட்டுரையை முன்வைத்தார். கல்தூண் நசுங்கி உடைவது ஒரு சாய்ந்த முகத்தின் வழியே சறுக்கித்தான் என்றார். சறுக்கைத் தடுப்பவை இரண்டு: துகள்கள் ஒட்டிக்கொள்ளும் பிடிப்பு ஒன்று, அழுத்தம் கூடக் கூடக் கூடுகிற உராய்வு மற்றொன்று. இதில் உராய்வு இருப்பதால், உடையும் முகம் சரியாக 45 டிகிரியில் அமைவதில்லை. 45 டிகிரியில் சறுக்கு உச்சம்தான், ஆனால் அங்கே அழுத்திப் பிடிக்கும் உராய்வும் கணிசம். அழுத்தம் குறைந்த, இன்னும் நிமிர்ந்த முகம் ஒன்றில் பொருள் தோற்கிறது. கான்கிரீட் உருளையை எந்திரத்தில் வைத்து மேலிருந்து அழுத்திச் சோதிக்கும்போது அது பெரும்பாலும் 45 டிகிரியைவிட நிமிர்ந்த சாய்வு முகங்களில் உடைவதைக் கல்லூரிக் கூடங்களில் பார்க்கலாம்.

ஈரமில்லாத மணல் 30 டிகிரியைச் சற்றுத் தாண்டிய சரிவு வரை குவிந்து நிற்கும். கைப்பிடி மணலைக் கொட்டினாலும் லாரி மணலைக் கொட்டினாலும் கோணம் ஏறத்தாழ அதேதான். குவியல் பெரிதானால் சறுக்கும் கூடுகிறது, உராய்வும் அதே விகிதத்தில் கூடுகிறது.

இந்தச் சமநிலையை மாற்றுவது தண்ணீர். மழைநீர் மண்ணுக்குள் ஊறித் துகள்களுக்கு இடையே நிரம்பும்போது, மேலுள்ள எடையில் ஒரு பங்கை நீர் தாங்கத் தொடங்குகிறது. துகளும் துகளும் ஒன்றையொன்று அழுத்துவது குறைகிறது. உராய்வு அந்த அழுத்தத்தை நம்பியிருப்பதால் அதுவும் குறைகிறது. ஆனால் நீரால் சறுக்கைத் தாங்க முடியாது. சரிவின் வழியே கீழிழுக்கும் பங்கு துளியும் குறையாது, ஊறிய நீரின் எடையால் கூடவும் செய்யும். சரிவு மேற்பரப்பு வரை நீர் நிரம்பிவிட்டால் உராய்வின் பலம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவு சரிந்து அடிவாரத்தில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். பல தலைமுறைகள் நின்ற சரிவு ஒரே மழையில் இறங்கியது. மலை உச்சியும் கோணமும் மாறவில்லை, உள்ளே அழுத்தத்துக்கும் சறுக்குக்கும் இடையே இருந்த பங்கீடு மாறிவிட்டது. மலையடிவாரத்தில் வீடு கட்டுவோருக்கும், அனுமதி தருவோருக்கும், நீர் வடியும் ஓடைகளை மூடுவோருக்கும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

மலைகளின் ஆழத்திலும் சறுக்கின் திசை பதிந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரியை நோக்கிக் கிழக்கே ஓடும் பாறைப்பட்டையும், பவானி, மோயாறு ஆறுகளின் வழியே ஓடும் பட்டையும் புவியியலாளர்கள் பல பத்தாண்டுகளாக ஆராயும் சறுக்கு மண்டலங்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழத்தின் வெப்பத்தில் பாறை உடையாமல் இழுபட்டு நழுவிய இடங்கள் இவை. அங்கே பாறைக்குள் கடினமான கனிமத் துகள் கண்போலத் திரண்டு நிற்க, அதன் இருபுறமும் மென்மையான கனிமம் வால்போல இழுபட்டிருக்கும். ஒரு வால் மேலே, ஒரு வால் கீழே. எந்தப் பக்கம் எந்த வால் என்று பார்த்து, எந்தப் பாறைப்பட்டை எந்தப் பக்கம் நகர்ந்தது என்று படிக்கிறார்கள். இங்கும் அதே நிபந்தனைதான். எந்த முகத்தைப் பார்க்கிறோம் என்று குறித்துக்கொள்ளாமல் கல்லைப் பெயர்த்து எடுத்து வந்துவிட்டால், அந்தச் சான்று பாழ்.

திடம் என்பது

நின்றுகொண்டிருக்கும் தண்ணீருக்குச் சறுக்கைத் தாங்கத் தெரியாது என்றோம். திடத்துக்கும் திரவத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடே இதுதான். அமுக்கத்தை இரண்டும் தாங்கும். சறுக்கைத் தாங்கி நிற்பது திடம் மட்டுமே. திரவத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் அது ஓடிவிடும். திடமோ சற்றுச் சாய்ந்து, எதிர்த்து, விட்டதும் பழைய நிலைக்கு வரும். அந்த எதிர்ப்பின் அளவைத்தான் பதினோராம் வகுப்பு இயற்பியலில் விறைப்புக் குணகம் என்று படிக்கிறோம்.

இந்த வேறுபாட்டைக் கொண்டு பூமிக்குள் எட்டிப் பார்த்தவர் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றியவர். 1897 ஜூன் 12 அன்று அசாமை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தை ஆராய்ந்தபோது, தொலைதூரக் கருவிகளில் பதிவான அதிர்வுகள் வெவ்வேறு வேகத்தில் வந்த தனித்தனி அலைகள் என்பதைக் கண்டார். முதலில் வருவது அமுக்க அலை. அது போகும் திசையிலேயே பாறையை நசுக்கி விரிக்கும். இரண்டாவது சறுக்கு அலை. அது போகும் திசைக்குக் குறுக்கே பாறையை ஆட்டும். அமுக்க அலையின் வேகத்தில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் இதன் வேகம்.

1906இல் ஓல்டாம், அலைகள் பூமியின் ஆழத்தைக் கடக்க எடுக்கும் நேரத்தை ஆராய்ந்து, நடுவே வேறு தன்மையுள்ள ஓர் உள்ளகம் இருக்கிறது என்றார். சறுக்கு அலைகள் அதைக் கடந்து வருவதில்லை என்பது பின்னர் உறுதியானது. சறுக்கைத் தாங்காத ஒன்றின் வழியே சறுக்கு அலை போக முடியாது. 1926இல் ஹரால்ட் ஜெஃப்ரிஸ் உள்ளகம் திரவம் என்று நிறுவினார். நம் காலடியில் சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய இரும்புக் கடல் இருப்பதை யாரும் துளையிட்டுப் பார்க்கவில்லை. ஒரு வகை அம்பு அங்கே போய் நின்றுவிட்டது என்பதிலிருந்து அறிந்தோம்.

இவ்வளவு விஷயம் அடங்கிய பாடத்தை நம் வகுப்பறைகளில் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம்: விசை வகுத்தல் பரப்பு. பக்கத்தில் ஒரு கட்டி, அதன் மேல் ஒற்றை அம்பு. மாணவர்கள் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஒற்றை அம்பு பாதி உண்மைகூட இல்லை. ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது: கரும்பலகையில் அந்த அம்பை வரைந்ததும் ‘இந்தக் கட்டி ஏன் சுழலவில்லை?’ என்று கேளுங்கள். மற்ற மூன்று அம்புகளையும் மாணவர்களே வந்து வரையட்டும். பிறகு ஆளுக்கு ஒரு சாக்பீஸைக் கொடுத்து முறுக்கச் சொல்லுங்கள். ஒரு பெட்டி சாக்பீஸ் செலவாகும். அந்தப் பிள்ளைகள் நாளை தங்கள் வீட்டு பீமில், பில்லருக்குப் பக்கத்தில், சாய்ந்து ஏறும் ஒரு விரிசலைப் பார்த்தால், சுண்ணாம்பு பூசி மறைக்க விடாமல் பொறியாளரை அழைக்கச் சொல்வார்கள்.